எந்தத் தேதியிலிருந்து மேஜர்?

பதவி உயர்வு வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் ஊரில் உள்ளவர்கள் "ஸ்வீட் எங்கே?" என்று கேட்பார்கள். ராணுவ ஆபீஸில் குப்பை கொட்டியவன் "எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்பான். வெலிங்டனில் ஒரு ராணுவ ஆவண அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிப்பாய் நாயக் ஆனாலும், நாயக் ஹவில்தார் ஆனாலும், அது பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஆளைப் பற்றிய மாற்றங்களைப் பதிவு செய்கிற உத்தரவில், தேதியோடு ஏறிய பிறகுதான் எங்களைப் பொறுத்தவரை நடந்த விஷயம். கையில் பட்டை ஏறியது, நண்பர்களுக்குப் பார்ட்டி கொடுத்தது எல்லாம் அதுவரைக்கும் வதந்தி.

தேதி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ரேங்க் என்பது வரிசையில் நிற்கிற இடம். ஒரே நாளில் கமிஷன் வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மேஜர் தேதி ஓராண்டு பின்னால் போனால், பதவி உயர்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற அடுத்த போர்டு அவரைப் பார்ப்பதும் பின்னால் போகும். அதற்கடுத்ததும் அப்படியே. சம்பள வித்தியாசம் அந்த ஓராண்டோடு முடிந்துவிடும். வரிசையில் இழந்த இடம் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும்.

இதை எழுதக் காரணம் எங்கள் சுபேதார் சாப்பின் மகள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக ஓய்வு பெற்று, ஜெகதளா போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டு, அண்ணன் தம்பிகளோடு சேர்ந்த கொஞ்சம் தேயிலையைப் பார்த்துக்கொண்டு இருப்பவர். இப்போதும் என்னை "பாபு" என்றுதான் கூப்பிடுவார். ராணுவத்தில் கிளார்க்குக்கு அதுதான் பெயர். மகள் நர்ஸிங் படித்து அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமை வாங்கி, அந்த நாட்டு ராணுவத்தின் ரிசர்வில் நர்ஸ் அதிகாரியாகச் சேர்ந்தாள். வார நாட்களில் சாதாரண ஆஸ்பத்திரி வேலை. மாதத்தில் ஒரு வார இறுதி டிரில், வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. கேப்டன் ஆனபோது சுபேதார் சாப் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "என் பொண்ணுக்கு நானே சல்யூட் அடிக்கணும் பாபு" என்று சொல்லிச் சிரித்தார். வேறு நாட்டு ராணுவம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த நாட்டுக்குத்தான் அது பொருட்டாக இருந்தது.

கேப்டனிலிருந்து மேஜருக்குப் போர்டு தேர்ந்தெடுத்துவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தது. பதவி உயர்வு நாளும் வந்தது, போனது. உத்தரவு மட்டும் வரவில்லை. கேட்டால் "செக்யூரிட்டி கிளியரன்ஸ் பெண்டிங்" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல்.

ரகசியத் தகவல்களை இவரை நம்பிக் கொடுக்கலாம் என்று அரசு தருகிற பாதுகாப்பு அனுமதிதான் அது. அவளுடையது காலமுறை மறு விசாரணைக்குப் போயிருந்தது. அதற்கு எஸ்எஃப் 86 என்று ஒரு படிவம். நூறு பக்கத்துக்கு மேல். எங்கே குடியிருந்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்பதில் தொடங்கி, கடன், மருத்துவம், வெளிநாட்டுப் பயணம் என்று ஒரு மனிதரைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற கேள்விகள். அதில் உறவினர் பகுதி தனி. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், மாமனார், மாமியார் ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் குடிமகன், வேறு நாட்டு அரசு, ராணுவம், உளவுத்துறை எதனோடாவது தொடர்புடையவரா, அவரோடு எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுகிறாய் என்று கேட்கும். அப்பா இந்திய ராணுவத்தில் ஜேசிஓவாக (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) இருந்தவர், இந்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர். தொடர்பு எவ்வளவு அடிக்கடி என்ற இடத்தில் 'தினமும்' என்று எழுதியிருந்தாள். விடிந்தால் வாட்ஸ்அப்பில் முருகன் படம் அனுப்புகிற அப்பாவை வைத்துக்கொண்டு வேறென்ன எழுத முடியும்?

சொத்துப் பகுதியிலும் ஒரு முடிச்சு. தேயிலை நிலம் தாத்தா பெயரில் இருந்த கூட்டுப் பட்டா. அதில் இவள் பங்கு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று விசாரணைக்காரர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு நீலகிரியில் பாதிக் குடும்பங்கள் பதில் சொல்ல முடியாது. பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் சொல்வார்கள். பேத்திக்கு எவ்வளவு பாத்தியம் என்று கேட்டால் பெரியப்பாவைக் கேட்க வேண்டும் என்பார்கள். பெரியப்பா பேசாமல் இருந்தே பல வருடம் ஆகியிருக்கும்.

"என் பென்ஷன் புள்ளைக்கு வில்லங்கமாயிடுச்சா பாபு?" என்று சுபேதார் சாப் கேட்டபோது நான் இல்லை என்றுதான் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதியை முடிவு செய்ய 13 வழிகாட்டிகள் உண்டு. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த உத்தரவில் அவை வரிசையாக இருக்கின்றன. இரண்டாவது, வெளிநாட்டுத் தாக்கம். வெளிநாட்டில் உறவினரோ சொத்தோ இருந்தாலே அனுமதி இல்லை என்று அது சொல்லவில்லை. அதை வைத்து யாராவது இவரை நெருக்கடிக்கு உள்ளாக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது. கவலையைத் தணிக்கும் காரணங்களையும் அதே உத்தரவே அடுக்குகிறது. மனிதரை முழுதாகப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. மறைக்காமல் எழுதியவருக்கு அதில் பயமில்லை. நேரம் மட்டும் ஆகும்.

அந்த நேரம்தான் பிரச்சினை. அமெரிக்காவில் இந்த விசாரணைகள் தேங்கியது ஊரறிந்த கதை. விசாரணை வேலையில் பெரிய பங்கைச் செய்துவந்த ஒப்பந்த நிறுவனம் 2014-ல் வெளியே போனது. 2015-ல் மத்தியப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 2.15 கோடிப் பேரின் விசாரணைத் தகவல் திருடு போனது வெளியே வந்தது. 2018-ல் முடியாமல் கிடந்த விசாரணைகள் சுமார் 7,25,000 வரை போயின. 2019 அக்டோபரில் வேலை பாதுகாப்புத் துறையின் கீழ் வந்தது. பிறகு தேக்கம் பெருமளவு குறைந்தது என்பதும் உண்மை. ஆனாலும் வெளிநாட்டில் அப்பா இருக்கிற கோப்பு, உள்நாட்டில் எல்லாம் இருக்கிற கோப்பின் வேகத்தில் நகராது.

கடைசியில் அனுமதி வந்தது. ஒரு குறையும் இல்லாமல், நிபந்தனை இல்லாமல். சில நாளில் மேஜர் உத்தரவும் வந்தது. தேதி? அனுமதி வந்த தேதி. கூடத் தேர்வானவர்களைவிட ஓராண்டுக்கு மேல் பின்னால்.

அவள் வீடியோவில் அழைத்தபோது குன்னூரில் இருட்டி, பனி இறங்கியிருந்தது. அவளுக்கு அங்கே காலை. "மாமா, இதை மாத்த முடியுமா?" என்றாள். பக்கத்தில் சுபேதார் சாப்புக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "குடுத்துட்டாங்கல்ல, வாங்கிக்கோ. சோறு போடற இடத்துல மல்லுக்கு நிக்காதே." இது சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்களின் பழைய புத்தி. நான் அதை மதிக்கிறேன், ஏற்பதில்லை. தேதியைத் திருத்தக் கேட்பது மல்லுக்கட்டு ஆகாது. கணக்கில் பிழை இருக்கிறது, பாருங்கள் என்பதற்கு ஒரு மனு, அவ்வளவுதான். அதற்கென்று வாசல் வைத்திருக்கும்போது தட்டுவதில் என்ன மரியாதைக் குறைவு?

அந்த வாசலின் கதை சுவாரசியமானது. முன்பெல்லாம் அமெரிக்காவில் ஒரு படைவீரரின் ஆவணத்தில் அநியாயமாக ஏதாவது இருந்தால், அதைத் திருத்த நாடாளுமன்றத்தில் அந்த ஒருவருக்காகவே தனி மசோதா கொண்டுவர வேண்டும். நம்மூரில் ஒரு ஹவில்தாரின் தேதிக்கு லோக்சபா கூடுவதை நினைத்துப் பாருங்கள். இந்த வேலை தாங்காமல், 1946-ல் நிறைவேற்றிய சட்டத்தில் அத்தகைய மசோதாக்களுக்குத் தடை போட்டு, பதிலாக ஆவணத் திருத்த வாரியங்களை ஏற்படுத்தினார்கள். வாரியத்தில் உட்காருபவர்கள் சீருடை போட்ட ஆட்கள் அல்ல, சிவிலியன்கள். ஒரு சிவிலியன் கிளார்க்குக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இப்போது அது அவர்களுடைய சட்டத்தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 1552-ஆம் பிரிவு. 'பிழையை' அல்லது 'அநீதியைத்' திருத்தலாம் என்கிறது. பிழை தெரியவந்த 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நியாயத்துக்காக அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. படிவத்தின் பெயர் டிடி 149. சின்னதுதான். ஒட்டுகிற காகிதம்தான் பெரிது.

வாரியம் ஒரு ஊகத்தோடு தொடங்கும்: அலுவலகம் செய்தது முறைப்படிதான் இருந்திருக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது மனுதாரர். அதனால் அவள் முதலில் எழுதி அனுப்பிய வரைவை நான் ஓரமாக வைக்கச் சொன்னேன். அதில் கோபம் நிறைய இருந்தது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கினார்கள் என்று எழுதியிருந்தாள். இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கப் போனால் மனசுக்குள் இருப்பதை நிரூபிக்க வேண்டும். தேதிப் பிழையை நிரூபிக்கத் தேதிகள் போதும்.

ஒரு தாளில் கோடு போட்டு எழுதச் சொன்னேன். படிவம் எப்போது கேட்டார்கள், எப்போது கொடுத்தாய், யார் மேசைக்கு எப்போது போனது, கேள்வி எப்போது வந்தது, பதில் எப்போது போனது, விசாரணை எப்போது முடிந்தது, முடிவு எப்போது வந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு காகிதம். காகிதம் இல்லாத தேதியை எழுதவே கூடாது. அங்கே 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, தன்னைப் பற்றிய விசாரணைக் கோப்பைத் தானே கேட்டு வாங்கலாம். நம்மூர் ஆர்டிஐ மனு மாதிரிதான். அவள் கேட்டாள், வந்தது. தாளை நிரப்பிப் பார்த்தால், காகிதம் அவள் கையில் இருந்த நாட்கள் மிகக் குறைவு. அவள் கொடுத்த பதில் யூனிட் ஆபீஸில் யாரோ ஒருவருடைய பெட்டியில் தூங்கிய மாதங்கள் தனியாகத் தெரிந்தன.

அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. மறு விசாரணை நடந்துகொண்டிருந்த காலம் முழுக்க அவளுடைய பழைய அனுமதியை யாரும் ரத்து செய்யவே இல்லை. மறு விசாரணைக் கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரின் அனுமதி காலாவதி ஆகிவிடாது என்று அவர்களின் பாதுகாப்புத் துறை 2016 கடைசியிலேயே எல்லாப் படைகளுக்கும் நினைவூட்டி எழுதியிருந்தது. யூனிட் ஆபீஸில் இருந்தவர் திரையில் பழைய தேதியைப் பார்த்து, 'அனுமதி இல்லை' என்று குறித்துவிட்டார். கிளார்க் வேலை தெரிந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 'இல்லை' என்பதும் 'புதுப்பிக்கப்படுகிறது' என்பதும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கப்படுகிற நாடுகளின் பட்டியலில் நாமும் உண்டு.

சட்டத்தின் இன்னொரு மூலையையும் காட்டினேன். பதவி உயர்வைத் தள்ளிவைக்க அங்கே முறை இருக்கிறது. காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், பதில் எழுத வாய்ப்புத் தர வேண்டும். எவ்வளவு காலம் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பிறகு அவர்மேல் குறையில்லை என்று ஆனால், தாமதமே நடக்காதது போல அதே ரேங்க் தேதி, அதே சம்பளத் தொடக்கம், வரிசையில் அதே இடம். ஒரே ஒரு விலக்கு: தாமதக் காலத்தின் ஏதாவது ஒரு பகுதியில் அவர் தகுதியற்றவராக இருந்தார் என்று துறைச் செயலர் முடிவு செய்தால் தேதியை மாற்றலாம்.

இங்கேதான் பிடி. இவளுக்கு எழுத்தில் நோட்டீஸ் வரவில்லை. அந்த ஒற்றை வரி மின்னஞ்சல் நோட்டீஸ் ஆகாது. ஆக, இது சட்டப்படி தள்ளிவைத்தது என்றால் நோட்டீஸ் எங்கே, முடிந்தபிறகு பழைய தேதி எங்கே? சட்டப்படி தள்ளிவைத்தது இல்லை என்றால் வெறும் ஆபீஸ் தவறு, திருத்துங்கள். எந்தப் பக்கம் போனாலும் பதில் ஒன்றுதான். தகுதியில்லாமல் இருந்தாளா என்று கேட்டால், அனுமதி ரத்தாகவில்லை என்பதற்கு அவர்களுடைய கணினியின் பதிவே சாட்சி. இதைத்தான் மனுவின் முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பிறந்த நாடு பற்றிய பத்தியை எடுத்துவிடவா என்று கேட்டாள். அது உன் இஷ்டம், ஆனால் முதல் பக்கத்தில் வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு வாக்கியமாக வைத்துக்கொண்டாள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு அரசாங்கம் தன் அதிகாரியைச் சந்தேகிக்கலாம், அது அதன் உரிமை. கேள்வி கேட்கலாம், தேயிலைத் தோட்டத்தின் பட்டாவைக்கூடக் கேட்கலாம். பதிலைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்துக்கான செலவை மட்டும் பதில் சொன்னவர் தலையில் கட்டக் கூடாது. ரேஷன் கடையில் உங்கள் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, சரிபார்த்து, சரிதான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் வரிசையின் கடைசியில் நில் என்று சொன்னால் சும்மா இருப்போமா?

நம் நாட்டிலும் இதே வழக்குதான் வேறு சட்டையில் வரும். இங்கே அரசுப் பணியில் அதற்குச் சீல்டு கவர் என்று பெயர். விசாரணை நிலுவையில் இருப்பவரின் தேர்வு முடிவை உறையில் போட்டு ஒட்டிவைப்பார்கள். 1991-ல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு எல்லை போட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ குற்றப்பத்திரிகையோ கொடுத்த பிறகுதான் உறை. வெறும் முதல்கட்ட விசாரணை நடக்கிறது என்று சொல்லி ஒருவரை நிறுத்திவைக்க முடியாது. வேலை செய்யாத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்ற பழைய வாதத்தையும் அந்தத் தீர்ப்பு எல்லா இடத்திலும் ஒட்டவிடவில்லை: அவர் வேலை செய்யத் தயாராக இருந்தார், நீங்கள்தான் விடவில்லை. இன்றைக்கும் சர்வீஸ் வழக்குப் பேசுபவர்கள் வாயில் அடிக்கடி வருகிற பெயர் அது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்த பிறகு, நம் பக்கத்து ஆட்கள் சென்னை அமர்வுக்குப் போகலாம். அதற்குமுன் உள்ளேயே புகார் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். இந்த 6 மாதத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அதற்கு என்ன சொல்வது.

வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே ஜெயித்தாலும் பல சமயம் 'நோஷனல்' என்று ஒரு சொல் பின்னால் வந்து நிற்கும். தேதி கிடைக்கும், பணம் கிடைக்காது. பென்ஷன் கணக்குக்கு அந்தத் தேதியே பெரிய உபகாரம் என்பதால் நம் ஆட்கள் அதோடு சமாதானம் ஆகிவிடுவார்கள். அங்கே ஆவணத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தின்படி வரவேண்டிய சம்பளத்தையும் கொடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ரிசர்வில் மாதம் ஒரு வார இறுதிக்கும் வருடத்தில் அந்த இரண்டு வாரத்துக்கும்தான் சம்பளம் என்பதால் இவள் விஷயத்தில் அது பெரிய தொகையும் இல்லை. ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருவர் கேட்டாராம், "இந்தப் பணத்துக்கா இவ்வளவு காகிதம்?" என்று. பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு வந்துவிட்டாளாம்.

மனு போனது. காத்திருப்பு நீளம்தான். 90 சதவீத மனுக்களை 10 மாதத்துக்குள்ளும் மற்றவற்றை 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்து மீதியைப் புரிந்துகொள்ளலாம். நடுவில் பதவி உயர்வுப் பிரிவிடமிருந்து வாரியம் ஒரு ஆலோசனைக் கருத்து வாங்கியது. அதன் நகலை மனுதாரருக்கும் அனுப்பி, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்த வாரியத்தை எனக்குப் பிடிக்கும். நம் முதுகுக்குப் பின்னால் எழுதிய குறிப்பு நம் முகத்துக்கே வருகிறது. கருத்து அவளுக்குச் சாதகமாகவே இருந்தது. அனுமதி ரத்தாகவில்லை, தாமதத்துக்கு அவள் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். நன்றி, விளக்கம் எதுவும் வேண்டாம். நல்ல குறிப்புக்குக் கீழே நீளமாக எழுதுகிறவன் அதைக் கெடுத்துவிடுவான்.

தீர்ப்பு வந்தது. பட்டியல்படி அவள் மேஜர் ஆகியிருக்க வேண்டிய நாளே ரேங்க் தேதி, அதே நாளிலிருந்து சம்பளம். சுபேதார் சாப் இந்த முறை சல்யூட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவைப் பிரிண்ட் எடுத்து வரச்சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி இருந்த இடத்தை மட்டும் படித்தார். "சரியா இருக்கா பாபு?" சரியாக இருந்தது.

வேலை முடியவில்லை. ரிசர்வில் மேஜராக எத்தனை ஆண்டு ஆயிற்று என்று ரேங்க் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். புதிய தேதிப்படி லெஃப்டினன்ட் கர்னல் போர்டு அவளை இதற்குள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. நிர்வாகத் தவறால் போர்டு பார்க்காமல் விட்டவர்களுக்குச் சிறப்புத் தேர்வுப் போர்டு என்று அங்கே ஒன்று உண்டு. அதற்குத் தீர்ப்பின் நகல், பழைய பட்டியல், புதிய தேதியோடு வந்த உத்தரவு மூன்றையும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதம் வருகிறேன் என்கிறாள். அனுமதி வைத்திருப்பவர் வெளிநாடு போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறந்த வீடாக இருந்தாலும் அது வெளிநாடுதான். அதற்குள் கூட்டுப் பட்டாவைப் பிரித்துவிட்டால் அடுத்த படிவத்தில் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு நேராகப் பதில் எழுதலாம் என்று சுபேதார் சாப்பைப் பிடித்துத் தாலுகா ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். உட்பிரிவுக்கு மனு கொடுத்தாயிற்று. பெரியப்பா வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சர்வேயர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.